நாலு ரப்பர் கால்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நான், உன் அண்ணன், அவருடைய தொப்பை, மூவரும் சுகம். போனில் பேசினால் நீ ஜோக் அடித்தே தப்பித்துவிடுகிறாய். "எப்படி இருக்கே?" என்றால் "ஜம்முனு இருக்கேன்" என்கிறாய். அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கடிதத்தில் சிரித்து மழுப்ப முடியாது பார்.

முதுகில் ஆபரேஷன் முடிந்து நீ வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரில் நீ துணி காயப்போட்டிருக்கிறாய் என்று, போன வாரம் உன்னைப் பார்த்துவிட்டு வந்த உன் அண்ணன் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வாளி நிரம்பி வழிந்த பிறகும் வெளியே வரவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. மடங்குகிற சாமான்களை வரைவது. மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, கேமரா வைக்கிற முக்காலி என்று எங்கள் பட்டறையில் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். உன் அண்ணனைத்தான் இன்னும் மடக்க முடியவில்லை. உனக்கு ஒரு மடக்கு வாக்கர் செய்யட்டுமா? கேலி செய்யாமல் பதில் எழுது. உன் உயரம், கை நீளம், வீட்டு வாசல் அகலம் எல்லாம் வேண்டும். எங்கெங்கே போக வேண்டும் என்றும் ஒன்று விடாமல் எழுது. எதிர்வீட்டு டீச்சரை அளவெடுக்கச் சொல். நீயே குனிந்து அளக்காதே.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணி

~

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார் உயிரோடும் வாயோடும் இருக்கிறாள். அண்ணனின் தொப்பைக்கு என் தனி விசாரிப்பைச் சொல்லுங்கள்.

அந்த ஆஸ்பத்திரி வாக்கரைப் பற்றித் தப்பாக நினைக்காதீர்கள். துணி காயப்போட அதைப்போல ஒன்று கடையில் கிடைக்காது. நடக்கத்தான் உதவாது. அதோடு பஸ்ஸில் ஏறினால், அது ஒரு சீட், நான் ஒரு சீட். கண்டக்டர் என்னைப் பார்க்கிறார், அதைப் பார்க்கிறார், இரண்டு பேரில் யாரை இறக்கிவிடலாம் என்று யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது.

வலது கால் நல்ல பிள்ளை. இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். போன திங்கட்கிழமை முதல் ஆபீசுக்குப் போகிறேன். எங்கள் வானிலை நிலையத்து அதிகாரியை உங்களுக்குத் தெரியும், அதுதான், நாங்கள் 'வறட்சி' என்று பேர் வைத்தவர், முகத்தில் ஒரு துளி சிரிப்பு விழாதவர். அவர் எனக்கு உள்ளே ஒரு மேஜை போட்டுக் கொடுத்திருக்கிறார். "நீங்க இனிமே உள்ளேயே இருங்க. வெளிவேலையை மத்தவங்க பாத்துப்பாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மற்றவர்கள் வெளியே போய் மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டு வந்து சொல்கிறார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். மின்விசிறி நேராகத் தலைக்கு மேல். ராஜ வாழ்க்கை.

அளவுகளை டீச்சர் தனித்தாளில் எழுதியிருக்கிறார். போக வேண்டிய இடங்கள்: வீட்டு வாசல், பஸ், ஆபீஸ் மேஜை. மேஜைகளுக்கு நடுவில் இடுக்கு வழி, அங்கே மடித்து ஓரமாக வைக்க முடிந்தால் போதும். வேறு எங்கேயும் போக வேண்டியதில்லை.

காலையிலும் சாயங்காலமும் மேல்காற்றை அளக்கிற பலூன் விடுகிற நேரத்துக்கு மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். வெளிச்சத்தில் கண் கூசுகிறது, அதனால்தான்.

உங்கள் வாலு

~

மார்ச் 22

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் கண் கூச்சத்துக்கு டாக்டரைப் பார்த்தாயா?

பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு மாதமாக நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஜனங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் நேராக அங்கேதான். டீக்கடைக்காரர் நான் யாரையோ எதிர்பார்த்து ஏமாந்துபோகிறேன் என்று நினைத்துப் பரிதாபப்பட்டு, கேட்காமலே சர்க்கரை கூடப் போட்டுக் கொடுக்கிறார்.

வாலு, நடப்பது என்றால் என்ன தெரியுமா? விழுவது. நிஜமாகச் சொல்கிறேன். உடம்பு முன்னால் சாய்கிறது, விழ ஆரம்பிக்கிறது. விழுந்து முடிப்பதற்குள் ஒரு கால் ஓடிப்போய் முன்னால் நின்று தாங்கிக்கொள்கிறது. உடனே மறுபடியும் விழுகிறோம். மறுபடியும் தாங்கிக்கொள்கிறோம். அந்த ஸ்டாண்டு முழுக்க இத்தனை பேர் விழுந்து விழுந்து பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் அது தெரியவில்லை! ஒருவர் போனில் சண்டை போட்டபடியே விழுகிறார். ஒரு பெண் இடுப்பில் குழந்தை, கையில் பை, வாயில் டிக்கெட்டோடு ஓடுகிற பஸ்ஸை நோக்கி விழுந்துகொண்டே போய் ஏறியும்விட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நான் வரைந்த நாற்காலிகள் எல்லாம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற பொருள்கள். அதற்கே பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

உனக்குச் செய்தது இத்தோடு வருகிறது. இரும்புக் குழாய்தான், ஆனால் மெல்லியது. கைப்பிடிக்குக் கீழே ஒரு நெம்பு, சின்ன நெம்புகோல் மாதிரி, இருக்கிறது. அதை அழுத்தினால் டக்கென்று குடை மாதிரி மடங்கிவிடும், அக்குளில் இடுக்கிக்கொள்ளலாம். உதறினால் விரியும். "நான் டெஸ்ட் பண்றேன்" என்று உன் அண்ணன் வீரமாக முன்வந்து விரலைக் கொடுத்துவிட்டார். நகம் கறுத்துவிட்டது. இப்போது விரல் மாட்டாதபடி மாற்றியிருக்கிறேன். அவருடைய தியாகம் வீண்போகவில்லை என்று எழுதச் சொல்கிறார்.

குறைகளை எழுது. ஒன்று விடாமல் எழுது. உன் வாய்க்கு இது நல்ல வேலை.

அண்ணி

~

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

வாக்கர் வந்து சேர்ந்தது. மிகவும் நன்றாக இருக்கிறது. பஸ்ஸில் ஏறுவது எளிதாக இருக்கிறது. மடிப்பதும் எளிது. ஆபீசில் எல்லோரும் பாராட்டினார்கள். மிக்க நன்றி. அண்ணனின் விரல் குணமாகியிருக்கும் என நம்புகிறேன்.

உங்கள் வாலு

~

ஏப்ரல் 20

அடி வாலு,

நீ எழுதிய கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "இது என் தங்கச்சி எழுதினதே இல்ல. யாரோ ஆபீஸ்ல டைப் அடிச்சுக் குடுத்திருக்காங்க" என்கிறார். எனக்கும் அதே சந்தேகம். எங்கள் கல்யாணத்தன்று என் புடவை நிறத்தில் ஆரம்பித்து மேடையில் போட்ட நாற்காலி வரைக்கும் குறை சொன்னவள் நீ. நான் செய்த சாமானில் ஒரு குறைகூட இல்லையா? மிக்க நன்றியா?

சரி, சொல்ல மாட்டாய். வாக்கரின் நாலு காலிலும் ரப்பர் மூடி மாட்டியிருக்கிறேன் அல்லவா, அவற்றைக் கழற்றி எனக்கு அனுப்பு. புதிதாக நாலு இத்துடன் இருக்கிறது, மாட்டிக்கொள். ரப்பர் சரியான ரகம்தானா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இடது காலிடம் அண்ணி விசாரித்ததாகச் சொல்.

அண்ணி

~

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. தாமதத்துக்கு மன்னிக்கவும். வானிலை மாறுகிற மாதங்கள், ஆபீசில் தலைக்கு மேல் வேலை. கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள்.

நீங்கள் கேட்ட ரப்பர் மூடிகள் டப்பாவில் இருக்கின்றன. புதியவற்றை டீச்சர் மாட்டிக் கொடுத்தார். பழைய ரப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்களோ, பட்டறைக்காரர்களின் பாசமே தனி.

அண்ணன் எப்படி இருக்கிறான்? இந்த மாதம் என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, அலைய வேண்டாம்.

உங்கள் வாலு

~

ஜூன் 10

அன்புள்ள வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தில் முதலில் எங்கள் சுகத்தைச் சொல்ல மனசு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் ரப்பர் மூடிகளை மேஜையில் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் இப்படிப் பேசும் என்று எனக்கே தெரியாது. இடது முன்காலின் மூடி மட்டும் உள்பக்கமாகத் தேய்ந்துபோயிருக்கிறது. உன் இடது கால் பின்தங்கும்போது நீ எவ்வளவு பாரத்தை அந்தக் கையில் போடுகிறாய் என்று அதில் தெரிந்தது. உன்னோடு கூடவே நடந்து வந்த மாதிரி இருந்தது, வாலு. ஒரு விரற்கடை ரப்பருக்குள் ஒரு மனுஷியின் நடை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மூடிகளின் அடியில் பொடிச் சரளைக்கல் குத்தியிருக்கிறது. புல் விதை ஒட்டியிருக்கிறது. உன் வீட்டு வாசலில் சரளை இல்லை. பஸ்ஸில் புல் முளைக்காது. ஆபீஸ் மேஜையடியில் இரண்டும் கிடையாது. ஒரு தடவை நீ சுற்றிக் காட்டினாயே, உங்கள் நிலையத்தின் பின்பக்கம் பலூன் விடுகிற திடலுக்குப் போகிற பாதையில்தான் சரளை போட்டிருக்கிறது. வலது முன்காலின் மூடி பாதி கிழிந்து தொங்குகிறது. நடந்தால் அப்படிக் கிழியாது. பாரத்தோடு சாய்ந்து தரையில் இழுபட்டால்தான் கிழியும்.

எப்போது விழுந்தாய்? கையிலா அடி? அதனால்தான் கையெழுத்து கோணலா? உன் அண்ணனை வர வேண்டாம் என்றது இதற்குத்தானா?

உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு வாரம் பார்ப்பேன். எங்கெங்கே போக வேண்டும் என்று கேட்டபோது மூன்று இடம் சொன்னாய். நாலாவதை ஏன் சொல்லவில்லை?

அண்ணி

~

ஜூன் 17

அண்ணி,

மணிக்கட்டில் சின்ன விரிசல். கட்டுப் பிரித்தாகிவிட்டது. மற்றபடி நன்றாக இருக்கிறேன், இந்தத் தடவை நிஜமாகவே.

ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறீர்கள்? சொன்னால் சிரிப்பீர்கள் என்று பயந்தேன். சிரிக்காமல் பாவப்பட்டுவிடுவீர்கள் என்று அதைவிடப் பயந்தேன். வாக்கரைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். பலூன் விடவும் இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பலூனின் கழுத்து, மறு கையில் அதன் கீழே தொங்கும் கருவிப்பெட்டி. நாலு கை இருக்கிறவர்களுக்குத்தான் இனி அந்த வேலை. அண்ணியிடம் போய், எனக்கு இன்னும் இரண்டு கை வேண்டும், மடங்குகிற மாதிரி செய்து கொடுங்கள் என்று எப்படிக் கேட்பேன்?

நீங்கள் பலூன் விட்டுப் பார்த்ததில்லை. என்னைவிடப் பெரிசாக இருக்கும். கையில் பிடித்திருக்கும்போது அது உயிருள்ளது மாதிரி திமிறும். காற்று ஓங்கும்போது விட்டால் வேலியில் மோதிவிடும். காற்று மூச்சு வாங்க ஒரு நொடி நிற்கும், அந்த நொடியில் விட வேண்டும். அதைக் கருவியில் பார்க்க முடியாது, கன்னத்தில்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் எனக்கு அது பழகிப்போயிற்று. விட்டதும் மேலே மேலே போகும். போகப் போகப் பெரிசாகும். பறவைகள் எட்டாத உயரத்தில் ஒரு வீடு அளவுக்கு ஆகி, அங்கே வெடிக்கும். அதுவரைக்கும் இங்கே குளிர் இவ்வளவு, இங்கே ஈரம் இவ்வளவு, இங்கே காற்று இந்தப் பக்கம் என்று பெட்டி கீழே சொல்லிக்கொண்டே போகும். அத்தனை உயரத்துக்குப் போகிற ஒன்றைக் கடைசியாகத் தொட்ட கை என்னுடையது, அண்ணி. ஒவ்வொரு நாளும் எனக்கு மயிர்க்கூச்செடுக்கும். ஒரு நாள்கூடப் பழகவில்லை.

மே மாதத்தில் ஒரு நாள் காலை ஆள் குறைவாக இருந்தது. வறட்சி போனில் இருந்தார். நான் உங்கள் வாக்கரோடு திடலுக்குப் போனேன். சரளையில்கூட நன்றாகத்தான் நடந்தது. எங்கள் உதவியாளர், நெட்டையாக இருப்பதால் அவருக்குக் கம்பம் என்று பேர், பலூனைக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்தார். "குடுங்க, நான் விடறேன்" என்றேன். தயங்கிக்கொண்டே கொடுத்தார். வாக்கரிலிருந்து வலது கையை எடுத்துப் பலூனை வாங்கினேன். அதுவரைக்கும் சரி. பெட்டியை வாங்க இடது கையையும் எடுத்தேன். காற்று ஓங்கியது. பலூனை விட மனசு வரவில்லை. அதோடு சேர்ந்து நானும் வாக்கரும் சாய்ந்தோம். பலூன் வேலிக்கம்பியில் கிழிந்து போயிற்று.

வறட்சி ஓடிவந்தார். முதலில் என்னைத் தூக்கவில்லை. வாக்கரைத்தான் தூக்கிப் பார்த்தார். அந்தப் பலூனில் இருப்பது சட்டென்று தீப்பிடிக்கிற வாயு. இரும்பு கல்லில் உரசி ஒரு பொறி பறந்திருந்தால் மூன்று பேரும் இன்று இல்லை. அப்படியே சரளையில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "இது இங்க வரக்கூடாதும்மா. நீங்களும்தான்" என்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் கடைசியில் என் இடத்துக்கு வேறு ஆள் வருகிறார். என்னை நகரத்துத் தலைமை ஆபீசுக்கு, பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். ஜன்னலே இல்லாத அறை என்று கேள்வி. கண் கூசாது.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

வாலு

~

ஜூலை 15

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். திட்டினார், அழுதார், கிளம்பி உன்னைப் பார்க்க வருகிறேன் என்றார். "முதல்ல இந்த வெங்காயத்தை உரிச்சுக் குடுங்க, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றேன். அந்த வெங்காயத்துக்கு நாம் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம். கேள்.

அவர் சமையல் மேடையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு நின்று உரித்துக்கொண்டிருந்தார். ஒரு காலைத் தூக்கி மறு காலில் சொறிந்துகொண்டார். அப்போதும் உரித்துக்கொண்டே இருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மனுஷனுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது, ஆனால் விழவில்லை. ஏன்? மேடை அவரை இடுப்பில் பிடித்திருக்கிறது!

"அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்று கத்திவிட்டேன். பூச்சி ஏதோ மேலே ஏறிவிட்டது என்று நினைத்து வெங்காயத்தைத் தூக்கி எறிந்தார்.

நான் செய்த தப்பு அப்போதுதான் புரிந்தது, வாலு. நடக்கிறதை அவ்வளவு வாய்பிளந்து பார்த்தேனே, எதற்காக நடக்கிறார்கள் என்று ஒரு தடவை யோசித்தேனா? யாரும் நடப்பதற்காக நடப்பதில்லை. ஓர் இடத்துக்குப் போய் நின்று, கையால் ஏதோ செய்யத்தான் நடக்கிறார்கள். நான் உனக்குப் போகிற வழிக்கு மட்டும் ஒரு சாமான் செய்து கொடுத்தேன். போய்ச் சேர்ந்த பிறகு உன் இரண்டு கையையும் அதுவே கட்டிப்போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலும் கடைகளிலும் இருக்கிற அத்தனை வாக்கரும் அப்படித்தான். கையைக் கொடுத்துக் காலை வாங்கிக்கொள் என்கின்றன.

அதனால் புதிதாகச் செய்திருக்கிறேன். கைப்பிடியைப் பிடித்து நடந்து போ. நிற்க வேண்டிய இடம் வந்ததும், இடது பக்க நெம்பைத் தாழ்த்து. கால்கள் நாலும் அகலமாகப் பரந்து பூட்டிக்கொள்ளும். முன்னால் ஒரு மெத்தை வைத்த குறுக்குக்கட்டை உன் இடுப்புக்கு நேராக வந்து நிற்கும், பின்னால் ஒரு தோல்பட்டை. மேடையில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொள். கை இரண்டும் உன்னுடையது. வேலை முடிந்ததும் நெம்பைத் தூக்கினால் மறுபடியும் வாக்கர். மடித்தால் உள்ளங்கை அகலம்.

இரும்பே கிடையாது. கால்கள் மரம், அடியில் அதே ரப்பர் மூடி, மூட்டெல்லாம் பித்தளை. கல்லில் உரசினாலும் பொறி பறக்காது. உடம்பில் சேர்கிற மின்சாரம்கூட ஆபத்து என்று உங்கள் வறட்சி சொன்னார். ஆமாம், அவரோடு போனில் பேசினேன். ரொம்ப நேரம் பேசினோம். அவர் சொல்லித்தான், அதைத் தரையில் இறக்கிவிட, பட்டையிலிருந்து தரை வரைக்கும் மெல்லிய செப்புச் சங்கிலி வைத்திருக்கிறேன். நடந்தால் ஒற்றைக் கொலுசு மாதிரி சத்தம் வரும், பொறுத்துக்கொள். "கொண்டு வாங்கம்மா, பாக்கிறேன். ஆனா நான் பாத்து வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஈரம் எதிர்பார்க்கக் கூடாது என்று நீதானே சொல்வாய்.

எங்கள் பட்டறையில் விசிறியை வைத்து, கயிற்றைக் கட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டோம். உள்ளே நின்றவர் உன் அண்ணன்தான். இந்த முறை விரல்கள் பத்தும் பத்திரம். அவரேதான் இதைக் கொண்டுவருகிறார். முதல் நாள் பலூன் வேண்டாம். வெறும் கையோடு நின்று பழகு.

அண்ணி

பின்குறிப்பு: உன் அண்ணன் ஒரு வரி எழுத வேண்டுமாம். கையெழுத்து புரியாவிட்டால் விட்டுவிடு.

'பாப்பா, நான் உள்ள நின்னு பாத்தேன். விழ விடாது. - அண்ணன்.'

~

ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். இதை ஆபீஸ் கடுதாசி மாதிரி எழுதவில்லை, நிஜமாக மனசாரக் கேட்கிறேன்.

ஒரு மாதம் வெறும் கையோடு நின்றேன். வறட்சி தினமும் வந்து, நான் நிற்கும்போது தோளைப் பிடித்துத் தள்ளிப் பார்ப்பார். மெதுவாக இல்லை, நன்றாகவே தள்ளுவார். ஊரில் அதிகாரிகள் இப்படி ஆளைத் தள்ளினால் வழக்குப் போடலாம். நான் அசையவில்லை. திரும்பிப் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் வருவார். போன வாரம் ஒரு சின்ன மண்பையைக் கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்து, கயிற்றின் மறுமுனையைக் கம்பத்திடம் கொடுத்து, "இழுய்யா" என்றார். கம்பம்தான் மூச்சு வாங்கினார்.

நேற்று காலை எனக்குப் பின்னாலிருந்து, "இன்னிக்கு நீங்க விடுங்க" என்றார். திரும்பிப் பார்ப்பதற்குள் நடந்து போய்விட்டார்.

கொட்டகையின் பக்கக் கதவு குறுகல், உங்களுக்குத் தெரியும். அதில் மடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நுழைந்து, பலூன் நிரம்புவதைப் பார்த்தேன். அப்புறம் விரித்துக்கொண்டு திடலுக்கு நடந்தேன். கொலுசுச் சத்தம் சரளையில் நன்றாகவே இருக்கிறது. நடுவில் போய் நின்று நெம்பைத் தாழ்த்தினேன். கட்டை வந்து இடுப்பில் பட்டது. உங்கள் சமையல் மேடை ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

கம்பம் பலூனைக் கொடுத்தார். வலது கை. பெட்டியைக் கொடுத்தார். இடது கை. என் கை இரண்டும் வாக்கரில் இல்லை. என்னைச் சுற்றி யாரும் இல்லை, வறட்சி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். காற்று ஓங்கி அடித்தது. பலூன் இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கட்டை அழுத்தியது, பட்டை பிடித்தது. என் இடது கால் நடுங்கிக்கொண்டே நின்றது. நின்றது, அண்ணி.

நான் காத்திருந்தேன். கன்னத்தில் காற்று மூச்சு வாங்கியது. விட்டேன்.

பெட்டி கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. நான் மேலே பார்த்தேன். எத்தனையோ வருஷம் பார்த்ததுதான். இவ்வளவு பெரிய வானத்தை நான் ஆறேழு மாதம் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேனே என்று நினைத்தேன். அது வெள்ளையாக, சிறிசாக, இன்னும் சிறிசாக ஆகி, சூரியன் பட்டு ஒரு தரம் மின்னியது. அப்புறம் இல்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன். விட்ட கைகளை நான் கீழே இறக்கவே இல்லை. இரண்டும் மேலேயே இருந்தன, எதையும் பிடிக்காமல்.

திரும்பிப் பார்த்தால் வறட்சி தூரத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சாரல்கூட இல்லாத நாள் அது. தலைமை ஆபீசுக்குக் கடிதம் எழுதிவிட்டாராம், இங்கே வேறு ஆள் தேவையில்லை என்று.

குறைகள்: இடுப்பு மெத்தை சூடாகிறது. கைப்பிடி நிறம் சகிக்கவில்லை. நெம்பு கொஞ்சம் இறுக்கம். தோல்பட்டை கிரீச்சென்று கத்துகிறது. எழுதச் சொன்னீர்களே.

உங்கள் வாலு

~

டிசம்பர் 5

அன்புள்ள வாலுவுக்கு,

கைப்பிடியை நீலமாக மாற்றிவிட்டேன். மெத்தையில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டாகிவிட்டது. கிரீச் சத்தத்துக்கு எண்ணெய் போடு, எல்லாவற்றுக்கும் அண்ணி வர முடியாது.

பட்டறையில் இப்போது இதே மாதிரி இன்னும் சிலருக்குச் செய்கிறோம். கரும்பலகையில் எழுத வேண்டிய ஆசிரியர் ஒருவர், துணி வெட்ட வேண்டிய தையல்காரம்மா ஒருவர். எங்கே போகணும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். போய் என்ன செய்யணும் என்று கேட்கிறேன். கேட்டதும் அவர்கள் முகம் மாறுகிறதே, அதைப் பார்க்க வேண்டும். தையல்காரம்மா காற்றிலேயே கத்திரிக்கோல் பிடித்து வெட்டிக் காட்டினார். உடனே அவர் கை வீச்சை அளந்துகொண்டேன்.

உன் அண்ணன் தினமும் காலையில், நீ பலூன் விடும் நேரம் பார்த்து, மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறார். இங்கிருந்து எப்படித் தெரியும் என்றால், "தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?" என்கிறார். போன வாரம் நானும் போய் நின்றேன்.

உன் பார்சல் நேற்று வந்தது. நாலு பழைய ரப்பர் மூடிகள், கடிதம் இல்லை. உன் அண்ணன் பதறிப்போய், "என்ன எழுதியிருக்கா, என்ன எழுதியிருக்கா?" என்று என் தலைக்கு மேலே நின்றார். நான் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்தேன்.

இடது முன்காலின் மூடி இப்போது உள்பக்கமாக மட்டும் தேயவில்லை. நாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றன. கிழிசல் எதிலும் இல்லை. ஆனால் நாலின் அடியிலும் வளைவு வளைவாகக் கீறல், ஒன்றன்மேல் ஒன்றாக. முதலில் எனக்குப் புரியவில்லை. நடந்தால் நேர்க்கோடாகத்தான் தேயும். விழுந்தால் கிழியும். இது இரண்டுமில்லை. பிறகு மூடிகளை மாட்டிய ஒரு வாக்கருக்குள் நானே நின்று, வாலு என்ன செய்திருப்பாள் என்று யோசித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்த்தேன். அதே வளைவு தரையில் விழுந்தது.

பலூன் போகிற பக்கமெல்லாம் நீ திரும்பியிருக்கிறாய். நின்ற இடத்திலேயே, அண்ணாந்து பார்த்தபடி, ஒவ்வொரு நாளும். அதை உன் அண்ணனிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் பாத்ரூமுக்குப் போகவில்லை, என் எதிரிலேயே அழுதார்.

அதனால் உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. புது மூடிகள் நாலு வைத்திருக்கிறேன். சீக்கிரம் தேய்த்து அனுப்பு.

அண்ணி